மூன்று பெயர்க் கப்பலும் ஒரு அறையும்

கிரேக்க நாட்டில், பிரேயஸ் துறைமுகத்துக்கு மேலே, நான் குடியிருக்கும் தெருவின் முனையில் ஒரு ரொட்டிக்கடை இருக்கிறது. எள் தூவிய வட்ட ரொட்டி காலை எட்டு மணிக்குள் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு போய்க் கேட்டால் கடைக்கார அம்மாள் வாயைத் திறக்க மாட்டார். புருவத்தை உயர்த்தி, மோவாயை மேலே ஒரு வெட்டு வெட்டி, நாக்கால் ‘ட்ச்’ என்பார். கிரேக்கர்களுக்கு அது ‘இல்லை’. கப்பலில் இருபது வருஷத்துக்கு மேல் கிரேக்க அதிகாரிகளின் கீழ் வேலை பார்த்தவன் நான், அர்த்தம் தெரியாதவனில்லை. ஆனாலும் அந்த மோவாய் மேலே போகும்போதெல்லாம் என் கால் தானாக ஓரடி முன்னால் போய்விடுகிறது, முதுகு லேசாக வளைகிறது. அடுத்த நொடி எனக்கு என்மேலேயே கோபம் வந்து அந்த அம்மாளை முறைத்துவிடுகிறேன். ரொட்டி கிடைக்காத ஏமாற்றம் என்று நினைத்துக்கொண்டு அவர் ஒரு பிஸ்கட்டை இலவசமாக என் கையில் வைக்கிறார். பாவம், அவருக்கு எப்படித் தெரியும்? திருவிடைமருதூர்ப் பக்கத்தில் எங்கள் ஊரில் மோவாயை அப்படித் தூக்கியது ஒரே ஒரு குடும்பம். வரப்பில் நின்றபடி, வா, போ, தூக்கு, ஓடு என்று எல்லாவற்றையும் மோவாயாலேயே சொல்லிவிடும் மிராசுதார் குடும்பம். எங்களோடு பேசி வாயைச் செலவழிப்பானேன் என்று நினைத்தார்களோ என்னவோ.

என் பெயர் ஆரோக்கியம். முப்பத்தேழு வருஷம் ஒரே கப்பலில் இருந்தேன். அந்தக் கப்பலுக்கு மூன்று பெயர். பிறந்தபோது ‘கான்டெஸ்ஸா லூசியா’. இத்தாலிக்காரர்கள் கட்டியது. பிழைக்க வழியில்லாத தங்கள் ஜனங்களை ஏற்றிக்கொண்டு தென் அமெரிக்காவுக்கு ஓட்டினார்கள். விமானம் வந்து அந்தப் பிழைப்பில் மண் விழுந்ததும் நம் நாட்டுக் கம்பெனி ஒன்று வாங்கி, ‘சோழமாதேவி’ என்று பெயரிட்டு, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் விட்டது. அதிலும் ஆள் குறைந்த பிறகு கிரேக்க முதலாளி ஒருவர் கையில் போய், வெள்ளை பூசி, வயிற்றைக் கிழித்து நீச்சல்குளம் வைத்து, ‘எலெனி குயின்’ என்று உல்லாசக் கப்பலாக்கினார்கள். கப்பலின் பின்புறத்தில் பெயர் வெறும் பெயின்டில் எழுதப்படுவதில்லை. இரும்பின்மேல் வெல்டு வைத்து எழுத்தை எழுப்பி, அதன்மேல்தான் வண்ணம் தீட்டுவார்கள். பெயர் மாறும்போது தேய்ப்பார்கள், ஆனால் முழுக்கத் தேயாது. சாய்ந்த வெயிலில் படகிலிருந்து பார்த்தால் எலெனிக்கு அடியில் சோழமாதேவி தெரிவாள், அவளுக்கும் அடியில் லூசியா. சுற்றுலா வந்தவர்கள் யாரும் அதைக் கவனித்ததில்லை. நான் ஒவ்வொரு துறைமுகத்திலும் கவனித்தேன். ஏன் என்று சொல்கிறேன்.

என் அப்பா சவரிமுத்து அந்த மிராசுதாரின் பண்ணையில் தண்ணீர் பாய்ச்சுகிறவர். மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் அவர் வீட்டில் இருக்க மாட்டார், மண்வெட்டியோடு வாய்க்காலில்தான். அதனால் எங்கள் வீடும் தெருவில் இல்லை. ஆண்டையின் நிலத்திலேயே, வாய்க்கால் வயலுக்குள் திரும்பும் மூலையில், மண்ணைக் கொட்டி மேடாக்கி, கீற்று வேய்ந்த வீடு. நானும் என் தங்கை லூர்துவும் அங்கேதான் பிறந்தோம். கழக ஆட்சி வந்திருந்த காலம். ஒரு பக்கம் கூலி உயர்வு கேட்டு செங்கொடிச் சங்கம், இன்னொரு பக்கம் கூலிக்கு ஆளே வேண்டாம் என்று டிராக்டர் வாங்கிய மிராசுதார்கள். அப்பா சங்கத்தில் சேர்ந்தார். அந்தச் சமயத்தில் அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. பிறர் நிலத்தில் வீடு கட்டிக் குடியிருக்கும் விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனை அவனுக்கே சொந்தம். எங்கள் ஊருக்கு அதிகாரிகள் கணக்கெடுக்க வரும் நாளும் தெரிந்துவிட்டது. ஆகஸ்ட் பதினாறு. அம்மா அன்றைக்குள் தரையை மெழுகிவிட வேண்டும் என்று ஒரு வாரமாகச் சாணி சேர்த்துக்கொண்டிருந்தாள்.

முந்தின நாள் பரலோக மாதா திருவிழா. வேதக்காரர்கள் நாங்கள் எல்லோரும் விடியும்போதே மூன்று மைல் நடந்து பங்குக் கோயிலுக்குப் போய்விடுவோம், பூசை முடிந்து சப்பரம் பார்த்துவிட்டுத்தான் திரும்புவோம். இது ஊருக்கே தெரியும், ஆண்டை வீட்டுக்கும் தெரியும். அன்றைக்கு நாங்கள் மத்தியானம் திரும்பி வந்தபோது எங்கள் வீட்டைக் காணவில்லை. எரிந்து கிடக்கவில்லை, இடிந்து கிடக்கவில்லை. வீடு இருந்த இடமே இல்லை. நடுக்காலில் சங்கிலி போட்டு டிராக்டரால் இழுத்திருக்கிறார்கள், மேட்டைச் சரித்து உழுதிருக்கிறார்கள், வாய்க்காலை வெட்டித் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். எங்கள் அடுப்படி இருந்த இடத்தில் வெளியூரிலிருந்து லாரியில் கொண்டுவந்த பெண்கள் குனிந்து நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். வரப்பில் எங்கள் சாமான்கள்: அம்மி, இரண்டு குடம், பாய், மாதா படம், அப்பாவின் மண்வெட்டி. டிராக்டரில் உட்கார்ந்திருந்தவன் ஆண்டையின் மகன் ராஜகோபால். கல்லூரி முடித்து வந்தவன், என்னைவிட ஐந்து வயது மூத்தவன். அம்மா மண்ணை வாரி இறைத்துக் கதறினாள். அவன் எங்களைப் பார்த்தான். மோவாயைத் தூக்கி, போ என்றான். நாட்டுக்குச் சுதந்திரம், மாதாவுக்குப் பரலோகம், எங்களுக்கு வரப்பு.

மறுநாள் அதிகாரிகள் வந்தார்கள். கையில் காகிதக் கட்டோடு வரப்பில் நின்று எட்டிப் பார்த்தார்கள். தண்ணீர் தேங்கிய வயல், நட்ட பயிர். அப்பா கைகட்டி நின்று, “ஐயா, இதுதாங்க என் வூடு” என்றார். அவர்களில் ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டு நம்பர் இருக்கிறதா என்று கேட்டார்கள். எங்கள் குடிசைக்கு யார் நம்பர் கொடுத்தார்கள்? சாட்சி இருக்கிறதா என்று கேட்டார்கள். சாட்சி சொன்னால் அடுத்த டிராக்டர் யார் வீட்டுக்கு வரும் என்று எல்லோருக்கும் தெரியும். ராஜகோபால் வெள்ளைச் சட்டையில் நின்று நிதானமாகச் சொன்னான்: “வீடா? அங்க ஏது வீடு? அது எப்பவுமே வயல்தான்.” இந்த வார்த்தைகளை, இதே வரிசையில், நான் நெஞ்சில் எழுதி வைத்துக்கொண்டேன்.

பூதலூரில் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த மாமா வீட்டில் ஒண்டினோம். அப்பா வருஷா வருஷம், தாலுகாவில் நிலக் கணக்குப் பார்க்கும் ஜமாபந்திக்கு மனுவோடு போய் வந்தார். வருஷா வருஷம் அதே கேள்வி, நம்பர், சாட்சி. மாமா ‘சோழமாதேவி’யின் சலவைப் பிரிவில் இருந்தார். சில வருஷம் கழித்து என்னையும் அங்கே சேர்த்துவிட்டார். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது, தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், படகில்தான் போய் ஏற வேண்டும். என்னைப் படகேற்ற வந்த அப்பா கடற்கரை மணலில் நின்று சொன்னார்: “மனை வேணாம்டா எனக்கு. போவட்டும். அங்க வூடு இருந்துச்சுன்னு அந்தப் பய வாயால ஒரு வார்த்தை சொன்னா போதும். நான் பொய்யன்னு ஊர்ல பேரு ஆயிப் போச்சுடா.” அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. அந்த முதல் பயணத்திலேயே, நான் பினாங்கில் விரிப்பு துவைத்துக்கொண்டிருந்தபோது பூதலூரில் அவரை அடக்கம் செய்துவிட்டார்கள்.

கப்பலைப் பற்றி நன்றாகச் சொல்ல வேண்டும் என்று ஆசைதான். நாகப்பட்டினம் பயணங்களில் கீழ்த்தளத்தில் ஆயிரம் பேர் பாய் விரித்து, முறுக்கு டின்னைத் தலைக்கு வைத்துப் படுத்திருப்பார்கள். கருவாடு, தாழம்பூ குங்குமம், வாந்தி, எல்லா வாசனையும் ஒன்றாக வரும். அந்த இடத்தில்தான் பிற்பாடு கிரேக்கர்கள் சிவப்புக் கம்பளம் போட்டுச் சூதாட்ட மேசைகளை வைத்தார்கள். சரக்குப் பொந்து நீச்சல்குளமானது. கப்பல் கைமாறியபோது பழைய ஆட்களில் பத்துப் பேரை மட்டும் வைத்துக்கொண்டார்கள், அதில் நான் ஒருவன். குழாய் எங்கே, வால்வு எங்கே, எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று தெரிந்தவன் வேண்டுமே. அறைப் பணியாளாக ஏறினேன். ஆரோக்கியம் என்ற பெயர் அவர்கள் வாயில் நுழையவில்லை. ராக்கி என்று சட்டையில் பட்டை குத்திவிட்டார்கள். ராக்கி என்றால் இங்கே சாராயம். கப்பலுக்கும் பெயர் போச்சு, எனக்கும் பெயர் போச்சு என்று மாமாவுக்குக் கடிதம் எழுதினேன். கல்யாணம் கட்டவில்லை. லூர்துவைப் படிக்க வைத்தேன், அவள் டீச்சரானாள். மற்றபடி மனசில் ஒரே ஒரு காரியம்தான் இருந்தது. ஒன்று சொல்கிறேன், கோபம் காலப்போக்கில் ஆறிவிடும் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். ஆறுவதற்கு அதை யாராவது கீழே இறக்கி வைக்க வேண்டும். நான் வைக்கவில்லை.

ஒரு செப்டம்பர் மாதம். கப்பலும் கிழடு, நானும் கிழடு. பயணிகளின் பாஸ்போர்ட்டுகளை வாங்கி வைக்கும் அலுவலகத்தில் இந்தியப் பெயர்களை அவர்கள் கடித்துத் துப்புவதால் என்னைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்வார்கள். அன்றைக்கு ஒரு பாஸ்போர்ட்டைத் திறந்தேன். ராஜகோபால். பிறந்த இடம் திருவிடைமருதூர். போட்டோவில் முடி கொட்டியிருந்தது, கன்னம் தொங்கியிருந்தது, ஆனால் மோவாய் அதேதான். இரண்டு தடவை கூப்பிட்டும் நான் அந்தப் பக்கத்தைவிட்டு நிமிராததைப் பார்த்து, அங்கே இருந்தவள் சர்க்கரை குறைந்துவிட்டதா என்று கேட்டு ஒரு மிட்டாய் கொடுத்தாள். மகள் லண்டனிலிருந்து பணம் கட்டி, அப்பாவையும் அம்மாவையும் தீவுகளைப் பார்க்க அனுப்பியிருக்கிறாள். அறை எண் இருநூற்றுப் பதினான்கு. அந்த வரிசை ரொமெல் என்ற பிலிப்பினோ நண்பனுடையது. என் வரிசையை அவனுக்குக் கொடுத்துவிட்டு அவனுடையதை வாங்கிக்கொண்டேன்.

ராஜகோபாலுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. தமிழ் பேசுகிறேன் என்றதும் அவருக்குக் குஷி தாங்கவில்லை.

“அட, தமிழா நீங்க! எந்த ஊரு?”

“கும்பகோணம் பக்கங்க.”

“மங்களம், பாத்தியா! நம்ம ஊர்க்காரரு! கும்பகோணத்துல எங்க? எந்தத் தெரு?”

உலகத்தின் எந்த மூலைக்குப் போனாலும் இந்தக் கேள்வியை மட்டும் மறக்காமல் பெட்டியில் வைத்துக் கொண்டுவருகிறார்கள். “தெருவெல்லாம் மறந்துபோச்சுங்க, கப்பல்லயே காலம் போயிடுச்சு” என்றேன். அவர் மனைவி மங்களம் அம்மாள் சாதுவானவர், நான் காபி வைக்கும்போதெல்லாம் “நீங்க சாப்டீங்களா?” என்று கேட்பார். அவர் கேட்கும்போது மட்டும் எனக்குக் கொஞ்சம் தடுமாறும். ஆனால் மூன்றாம் நாள் ராஜகோபால் சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு ஆரம்பித்தார். “அந்தக் காலத்துல நம்ம பண்ணையில நாப்பது ஆளு. எல்லாம் வீட்டுப் புள்ளைங்க மாதிரி வளந்தானுங்க. அப்பா பாத்துப் பாத்துச் செய்வாரு. சங்கம், கொடின்னு எவனோ வந்து கெடுத்துட்டான்.” என் கையில் தட்டு இருந்தது. அதை அவர் தலையில் போடாமல் மேசையில் வைத்ததற்கு எனக்கு யாராவது பதக்கம் தரலாம். வீட்டுப் பிள்ளையாம்! அன்றைக்கு முடிவு செய்தேன்.

மறுநாள் கப்பல் ஒரு தீவில் நாள் முழுக்க நின்றது. எங்கள் பழைய கப்பலில் ஒரு வழக்கம் உண்டு. கரைக்குப் போகிறவர்கள் அறைச் சாவியை அறைப் பணியாளிடம் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். ராஜகோபாலும் கொடுத்தார். இருவரும் தொப்பி போட்டுக்கொண்டு படகில் இறங்கியதைப் பார்த்துவிட்டு நான் வேலையைத் தொடங்கினேன். முதலில் கதவிலிருந்த பித்தளை எண்ணைக் கழற்றினேன், இரண்டே திருகு. பெட்டி, செருப்பு, சாமி படம், சேலை, எல்லாவற்றையும் எடுத்து நடையின் கோடியில், மாடிப்படிக்கு அடியில் வரிசையாக வைத்தேன். மாத்திரை டப்பாவை மட்டும் கைக்கெட்டும் உயரத்தில் தனியாக வைத்தேன். அவர்கள் எங்களுக்கு அதைக்கூடச் செய்யவில்லை. பழைய கப்பல் அல்லவா, மேல் கட்டில் சுவருக்குள் மடங்கிக்கொள்ளும், கீழ்க் கட்டில் சோபாவாகும். அதன்பின் சலவைக்கூடத்திலிருந்து மூட்டை மூட்டையாக விரிப்புகளையும் துண்டுகளையும் கொண்டுவந்து தரையிலிருந்து கூரை வரை அடுக்கினேன். சலவைக்காரன் அடுக்கினால் ஊசி நுழையாது. சாயங்காலத்துக்குள் இருநூற்றுப் பதினான்கு என்ற அறை அந்தக் கப்பலில் இல்லை. இருநூற்றுப் பன்னிரண்டு, ஒரு துணிக் கிடங்கு, இருநூற்றுப் பதினாறு. வேலை முடிந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு, அதன் முன்னால் நின்றேன். என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள், வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

ஆறு மணிக்கு இருவரும் வெயிலில் சிவந்து, சோப்பும் ஆலிவ் எண்ணெயும் வாங்கிக்கொண்டு வந்தார்கள். ராஜகோபால் நடையில் இப்படி நான்கு அடி, அப்படி நான்கு அடி நடந்தார்.

“ராக்கி, நம்ம ரூமு எங்க?”

“எந்த ரூமுங்க?”

“இருநூத்திப் பதினாலு.”

“ரூமா? இங்க ஏதுங்க ரூமு? இது எப்பவுமே துணி வைக்கிற இடம்தான்.” கதவைத் திறந்து காட்டினேன். கூரை வரை வெள்ளைத் துணி.

மங்களம் அம்மாள் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துவிட்டார். ராஜகோபால் சிரிக்கவில்லை. “காலைல இங்கதானேய்யா இருந்தோம்!”

“நம்பர் இருக்குங்களா?”

“சாவிய உன்கிட்டதானே குடுத்தேன்?”

“எந்தச் சாவிங்க? சாட்சி யாராச்சும் இருக்காங்களா?”

அவர் முகம் இருண்டது. அந்த மோவாய் மேலே எழுந்தது. “திறடா!”

டா வந்துவிட்டது. அதற்காகத்தான் காத்திருந்தேன். “என் பேரு ராக்கி இல்ல. ஆரோக்கியம். ஒங்க பண்ணையில தண்ணி பாய்ச்சின சவரிமுத்து மவன்.”

“எந்தச் சவரிமுத்து?” என்றார் ராஜகோபால்.

நடிக்கவில்லை. உண்மையிலேயே தெரியவில்லை. நான் இத்தனை வருஷம் கட்டிக் காத்த நெருப்பு அவருக்கு ஞாபகத்திலேயே இல்லை. பரலோக மாதா திருவிழாவையும், டிராக்டரையும், நடவு நட்ட பெண்களையும், வரப்பில் கிடந்த அம்மியையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். குரல் உடைந்ததா, கத்தினேனா, தெரியாது. அவர் கேட்டுவிட்டுச் சலிப்போடு சொன்னார்: “வீடா? அங்க ஏது வீடு? அது எப்பவுமே வயல்தான்.”

அதே வார்த்தைகள், அதே வரிசை.

கேட்டுக்கொண்டிருந்த மங்களம் அம்மாள்தான் பேசினார். அவருக்குப் பகையும் தெரியாது, வழக்கும் தெரியாது. யாரோ வழி தவறியவருக்கு அடையாளம் சொல்வதுபோல் கணவரைப் பார்த்துச் சொன்னார்:

“என்னங்க, வாய்க்கா திரும்புற மூலையா? அது சவரிமுத்து மனைங்க. மாமா தெனம் சொல்வாரே, சவரிமுத்து மனைக்குத் தண்ணி வெச்சாச்சான்னு. நீங்களே போன வாரம் போன்ல குத்தகைக்காரர்கிட்ட கேட்டீங்க, சவரிமுத்து மனையில குறுவை சாஞ்சிடுச்சான்னு. நான் கல்யாணமாகி வந்த புதுசுல, யாரு அந்தச் சவரிமுத்துன்னு கேட்டேன். ஒருத்தரும் வாயத் தொறக்கல.”

நம் பக்கத்தில் ஒவ்வொரு துண்டு வயலுக்கும் ஒரு பெயர் உண்டு என்று உங்களுக்குத் தெரியும். ஆலடித் துண்டு, வண்ணான் துண்டு, மேலக்குண்டு. அடங்கல் கணக்கில் எண் இருக்கும், வாயில் பெயர்தான் இருக்கும், பெயர் இல்லாமல் ஆளை எந்த வயலுக்கு ஏவுவது? எங்கள் மேட்டை உழுதார்கள் அல்லவா? இருபது வருஷத்து அடுப்புச் சாம்பலும் ஆட்டுப் புழுக்கையும் அந்த மண்ணில் இருந்தது. அங்கே மட்டும் பயிர் கரும்பச்சையாய்ச் சதுரமாக எழும்பி, வளம் தாங்காமல் சாய்ந்திருக்கிறது. அந்தச் சதுரத்தைச் சுட்ட ஒரு பெயர் தேவைப்பட்டிருக்கிறது. அதிகாரியிடம் வீடே இல்லை என்று சொன்ன அதே வாய்கள், வரப்பில் இறங்கியதும் சவரிமுத்து மனை என்று கூவியிருக்கின்றன. அப்பா ஜமாபந்தியில் சாட்சி தேடி அலைந்தார். சாட்சி ஆண்டை வீட்டுக்குள்ளேயே தினமும் பேசிக்கொண்டிருந்தது.

ராஜகோபாலின் மோவாய் கீழே இறங்கியது. இறங்கியதை நான் பார்த்தேன், அப்பாவுக்காகவும் சேர்த்துப் பார்த்தேன்.

“சொல்லுங்க” என்றேன்.

“...இருந்துச்சு.”

“என்ன இருந்துச்சு?”

“வீடு இருந்துச்சுய்யா. விடு.”

“சத்தமாச் சொல்லுங்க. எங்கப்பாவுக்குக் காது கேக்காது. செத்துப்போயிட்டாரு.”

“அங்க சவரிமுத்து வீடு இருந்துச்சு!” என்று கத்தினார். நடையில் நான்கு கதவுகள் திறந்தன. எதிர் அறை ஜெர்மன் பாட்டி எட்டிப் பார்த்து டாக்டரைக் கூப்பிடவா என்று கேட்டாள். மங்களம் அம்மாள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு அழுதார். அவரை அழவைத்தது ஒன்றுதான் எனக்கு உறுத்தல். மற்றதில் துளியும் இல்லை. அரை மணி நேரத்தில் துணியை எல்லாம் எடுத்து, கட்டிலை விரித்து, எண்ணைத் திருகி, இருவருக்கும் சாவியைக் கொடுத்தேன். எங்களுக்கு யாரும் அப்படித் திருப்பிக் கட்டித் தரவில்லை.

புகார் போயிற்று. கப்பலின் துணைக் கேப்டன் என்னை நிறுத்தி வைத்து ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த கிரேக்கத்தில், என் வீடு ஒரே நாளில் இல்லாமல் போயிற்று என்றேன். அவர் சட்டென்று இளகி, “சீஸ்மோஸ்?” என்றார். நிலநடுக்கமா என்று கேட்கிறார். அவருடைய தீவில் ஒரு நடுக்கத்தில் அவர் குடும்பமும் வீடு இழந்ததாம். நிலநடுக்கம் இல்லை, நிலத்துக்குச் சொந்தக்காரர் என்று விளக்கப் பார்த்தேன். அவருக்குப் புரியவில்லை. என் தோளைத் தட்டி, அந்தப் பயணியிடம் மன்னிப்புக் கடிதம் ஒன்று எழுதிக் கொடுத்தால் வேலையைக் காப்பாற்றுகிறேன் என்றார். நான் அவரைப் பார்த்து, புருவத்தை உயர்த்தி, மோவாயை மேலே தூக்கி, ‘ட்ச்’ என்றேன். வாழ்நாளில் முதல் தடவை. அவருக்கு அது தெளிவாகப் புரிந்தது. பிரேயஸில் என்னைப் பெட்டியோடு இறக்கிவிட்டார்கள். இந்த ஊருக்கு நான் குடிவந்த கதை இதுதான்.

சில வருஷத்தில் கப்பலுக்கும் வேலை போயிற்று. எலெவ்சினா வளைகுடாவில் துருப்பிடித்த மற்றக் கப்பல்களோடு கட்டிப்போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பஸ் ஏறிப் போய்ப் பார்ப்பேன். பெயின்ட் உரிய உரிய எலெனி உதிர்ந்தாள், சோழமாதேவி மேலே வந்தாள். ஒரு நாள் இழுவைப் படகு வந்து கட்டியது. எங்கே போகிறது என்று கரையிலிருந்த மீனவரிடம் கேட்டேன். இந்தியாவுக்கு, உடைக்க, என்றார். என் நாடு அது என்றேன். அப்படியானால் உனக்குச் சந்தோஷமாக இருக்குமே, ஊருக்குப் போகிறதே என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கப்பல் ஊருக்குப் போயிற்று, நான் கரையில் நின்றேன்.

ராஜகோபால் குடும்பம் நிலத்தை விற்றுவிட்டதாக லூர்து போனில் சொன்னாள். வளைகுடா நாட்டிலிருந்து திரும்பிய ஒருவர் வாங்கியிருக்கிறார். அவரும் அந்தத் துண்டைச் சவரிமுத்து மனை என்றுதான் சொல்கிறாராம், யார் சவரிமுத்து என்று தெரியாமலே. இங்கே என் வாடகை வீட்டின் அழைப்பு மணியில் முன்பு குடியிருந்த கிழவியின் பெயர்தான் வெகுநாள் இருந்தது. இந்த ஊரில் கதவுக்கு எண் பார்க்க மாட்டார்கள், மணியில் உள்ள பெயரைத்தான் பார்ப்பார்கள். கப்பல் போன அன்றைக்குச் சாயங்காலம் அந்தச் சீட்டைக் கிழித்துவிட்டு, தமிழில் ‘சவரிமுத்து மனை’ என்று எழுதிச் செருகினேன்.

போன மாதம் கூரியர்க்காரர் கீழேயிருந்து போன் செய்தார். மணிகளையெல்லாம் பார்த்துவிட்டேன், இங்கே அப்படி ஒரு வீடே இல்லை என்றார். பொட்டலத்தில் ஆங்கிலத்தில் இருந்த பெயரை என் தமிழ்ச் சீட்டில் அவர் எப்படிப் படிப்பார்? எனக்கு எங்கிருந்துதான் அந்த வேகம் வந்ததோ, இந்த முழங்காலோடு மூன்று மாடியைச் செருப்புக்கூடப் போடாமல் இறங்கினேன். அவர் என்னைப் பார்த்து மோவாயைத் தூக்கினார். நான் சீட்டின்மேல் விரலை வைத்து, “இருக்கு. இதான் வீடு” என்று தமிழிலேயே சொன்னேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் பொட்டலத்தைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். லூர்து அனுப்பியது. உள்ளே இரண்டு படி அரிசி, கூடவே ஒரு வரி: ‘நம்ம வீட்டுல விளைஞ்சதுண்ணே, கேட்டு வாங்கினேன்.’ அன்றைக்கு மத்தியானம், அடுத்தவர் பெயரில் இருக்கும் எங்கள் வீட்டு அரிசியை, எங்கள் பெயரில் இருக்கும் அடுத்தவர் வீட்டில் வடித்துச் சாப்பிட்டேன்.